டர்பன் கடலில் மிதவைப் புழுக்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடல் உயிரியல் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறவர்கள் உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வளர்ந்து இங்கேயே பல்கலைக்கழகத்தில் சேர்கிற நம் பிள்ளைகளும் உண்டு. "திறந்த கடல் பாலிகீட் புழுக்களை வகைப்படுத்து, எது எங்கே பரவியிருக்கிறது என்று பார்" என்று வழிகாட்டி சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே திகைப்புதான். பாலிகீட் என்பது உடல் வளையம் வளையமாக அமைந்து, பெரும்பாலும் பக்கங்களில் முள்மயிர் கொண்ட கடற்புழு. எங்கே தொடங்குவது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நான் நிறைய அலைந்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். புழுவுக்குப் பெயர் சொல்வது இந்த வேலையில் கடைசிப் படி. பெர்மிட், வலை, வாளி, ஜாடிக்குள் போடும் சீட்டு என்று அதற்கு முன்னால் உள்ளவற்றில் ஒன்று தவறினாலும் எவ்வளவு நல்ல நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தப் புழு உங்கள் புழு என்று முடிவு செய்யுங்கள்

பாலிகீட்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மணலிலும் சேற்றிலும் பவளப்பாறை இடுக்கிலும் வாழ்பவை. வாழ்நாள் முழுக்கத் தரையைத் தொடாமல் நீரிலேயே மிதப்பவை ஒரு சிறு கூட்டம்தான். டோமோப்டெரிடே, அல்சியோப்பிடே, டைப்லோஸ்கோலெசிடே, லோபடோரிங்கிடே, ஐயோஸ்பிலிடே, பொன்டோடோரிடே ஆகிய குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் வலையில் வருவதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம்.

சிக்கல் விருந்தாளிகளால் வருகிறது. தரைவாழ் புழுக்களின் லார்வாக்கள் மிதவையில், அதாவது நீரோடு மிதந்து திரியும் சிற்றுயிர்க் கூட்டத்தில், கொத்துக் கொத்தாக வரும். நெரீட் புழுக்கள் இனப்பெருக்கக் காலத்தில் கண் பெருத்து, பக்கக்கால்கள் துடுப்பாக மாறி மேலே நீந்தி வரும். சில்லிட் புழுக்கள் உடலின் பின்பகுதியைத் தனியாகக் கழற்றி மேலே அனுப்பும். இவற்றைப் பார்த்துவிட்டு "திறந்த கடல் புழு கிடைத்தது" என்று குதிக்காதீர்கள். கரைக்கு அருகில் இழுத்த வலையில் இவைதான் அதிகம் இருக்கும். ஆய்வுத் திட்டத்தில் முழுநேர மிதவைப் புழுக்கள் மட்டுமா, விருந்தாளிகளும் சேர்த்தா என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் ஆய்வுக்குழு கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

2. காகிதங்கள்

புழுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் கடல்வாழ் உயிர் எதைச் சேகரித்தாலும் 1998-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் கடல்வாழ் வளச் சட்டத்துக்குள் வரும். ஆய்வுக்கான அனுமதி அதன் 83-ஆம் பிரிவின் கீழ், வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறையிடமிருந்து வாங்க வேண்டியது. விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் வழியாக, வழிகாட்டியின் கையெழுத்தோடு அனுப்புங்கள்.

பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்கு இது மட்டும் போதாது. டர்பனுக்குத் தெற்கே அலிவால் ஷோல், ப்ரோடியா பேங்க்ஸ், வடக்கே உதுகேலா பேங்க்ஸ், இன்னும் மேலே ஐசிமங்கலிசோ என்று இந்தக் கரையில் வரிசையாகப் பாதுகாப்புப் பகுதிகள் உள்ளன. உங்கள் நிலையங்களில், அதாவது வலை போடும் இடங்களில், ஒன்று எல்லைக்குள் விழுந்தாலும் அந்தப் பகுதியை நிர்வகிக்கும் அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். புதியவருக்கு என் யோசனை: முதல் ஆண்டு நிலையங்கள் எல்லாவற்றையும் எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டிய, 200 மீட்டருக்கு மேல் ஆழமான நீர். அதற்கு அலிவால் ஷோல் போன்ற பாறைத்திட்டு தேவையில்லை.

விண்ணப்பத்தோடு இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்: ஆய்வுத் திட்டச் சுருக்கம், நிலையங்களின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை), அவற்றைக் குறித்த வரைபடம், வலையின் வாய் அளவும் கண் அளவும், படகின் பெயர், உடன் வருகிறவர்களின் பெயர்கள், மாதிரிகள் கடைசியில் எங்கே வைக்கப்படும் என்ற குறிப்பு. வரைபடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. அதைச் சொல்லவும் ஆளில்லை, நானாகத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அனுப்பிய இரண்டாவது வாரமே கூப்பிட்டு, "எல்லாம் முழுமையாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். அது தொந்தரவு இல்லை.

பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு படிவம் போக வேண்டியிருக்கும். முதுகெலும்பில்லாதவை என்பதால் விலக்கு கிடைத்தாலும், அந்த விலக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள்.

காலம் பற்றி: டிசம்பர் 16 விடுமுறைக்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் கழியும் வரை எந்த அலுவலகத்திலும் எதுவும் நகராது. பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிய பிறகு விண்ணப்பித்து ஏப்ரலில் கடலுக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சேகரிக்க நினைக்கும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெர்மிட் முடியும் தேதி.

3. பெர்மிட் வரும்வரை பழைய ஜாடிகளைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். வேறு ஆய்வுகளுக்காக எடுத்த மிதவை மாதிரிகள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அலமாரி அலமாரியாக உறங்குகின்றன. மீன் லார்வாவுக்கும் கோப்பிபாடு என்ற சிறு ஓட்டுயிருக்கும் பார்த்தவர்கள் புழுக்களைத் தொட்டிருக்க மாட்டார்கள். "உங்கள் மாதிரியிலிருந்து புழுக்களை மட்டும் பிரித்துக்கொள்கிறேன், எண்ணிக்கையை உங்களுக்கும் தருகிறேன்" என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் பெரும்பாலும் தருவார்கள்.

இதில் படகுச் செலவு இல்லை, காற்றுக்கும் கடலுக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணும் பழகும். குறைகளும் உண்டு. ஃபார்மலினில் பல ஆண்டு கிடந்ததிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. நிறம் போயிருக்கும். வாங்கும்போது ஜாடியோடு நிலையப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பதிவேடு இல்லாத ஜாடி பயிற்சிக்கு உதவும், பரவல் வரைபடத்துக்கு உதவாது.

4. படகும் வலையும்

மொத்தச் செலவில் படகு எரிபொருளும் ஸ்கிப்பர் (படகோட்டி) கூலியும்தான் பெரிய தொகை. அடுத்தது டிஎன்ஏ வேலை. ஜாடி, தட்டு, இடுக்கி எல்லாம் சில்லறை. பலரும் மறப்பது, பயன்படுத்திய ஃபார்மலினை அப்புறப்படுத்தும் செலவு. அதைத் தொட்டியில் கொட்டக் கூடாது, அபாயக் கழிவாகத்தான் போக வேண்டும். திட்டச் செலவில் அதற்கு ஒரு வரி போடுங்கள்.

வாடகைப் படகானால் சாம்சா எனப்படும் கடல் பாதுகாப்பு ஆணையத்தின் தகுதிச் சான்று நடப்பில் உள்ளதா, ஸ்கிப்பரின் சான்றிதழ் இரவுப் பயணத்துக்கும் கரையிலிருந்து நீங்கள் போகும் தூரத்துக்கும் செல்லுமா என்று பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஸ்கிப்பர் தானே எடுத்துக் காட்டுவார். மே முதல் ஜூலை வரை மத்தி மீன் கூட்டங்கள் கரையோரமாகப் போகும் சார்டின் ஓட்டம்; படகுகள் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடும், வாடகையும் ஏறும். புனித வெள்ளி வார இறுதியில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா, நம் ஆட்கள் யாரும் கடலுக்கு வரமாட்டார்கள். நீங்களும் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள்.

வலைக்கு வருவோம். 200 மைக்ரான் கண் உள்ள டபிள்யூபி-2 என்ற மிதவை வலை போதும். அதன் வாய்ப்பரப்பு 0.25 சதுர மீட்டர். பெரிய அல்சியோப்பிட்களும் டோமோப்டெரிஸ்களும் வேகமாக நீந்தித் தப்பிவிடும். அவை வேண்டுமென்றால் வாய் அகலமான, கண் பெரிய வலை கூடவே வேண்டும். பகலில் ஆழத்தில் இருக்கிற பல உயிர்கள் இரவில் மேலே ஏறும் என்பதால் முடிந்தால் ஒரே நிலையத்தில் பகலும் இரவும் எடுங்கள்.

அகுல்ஹாஸ் நீரோட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தென்மேற்கு நோக்கிப் பாயும் இந்த வெப்ப நீரோட்டம் சில இடங்களில் வினாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். அன்றைக்கு ஸ்கிப்பர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடாதீர்கள்.

நீரோட்டத்தில் கயிறு சாயும். 200 மீட்டர் விட்டோம், அதனால் 200 மீட்டர் ஆழம் என்று எழுதுவது எல்லோரும் விழுகிற பொறி. கயிறு செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்தால் வலை இருப்பது சுமார் 141 மீட்டரில். 60 டிகிரி சாய்ந்தால் வெறும் 100 மீட்டர். கோணமானியைக் கயிற்றோடு பிடித்து, "அங்கிள், கோணம் அதிகமாகிறது, கொஞ்சம் மெதுவாக" என்று சொல்ல ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். ஆழம் பதியும் சிறு கருவியை வலையிலேயே கட்டிவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

5. வலை மேலே வந்த முதல் அரை மணி நேரம்

பதற்றப்படாமல் வேலை செய்ய வேண்டிய நேரம் இது. வலையை வெளியிலிருந்து கடல்நீரால் கழுவி, அடிக்குவளையில் சேர்ந்ததை வெள்ளை வாளியில் மெதுவாக ஊற்றுங்கள். நிழலில் வையுங்கள். டர்பன் வெயிலில் மிதவை சீக்கிரம் செத்துக் கலங்கிப்போகும்.

இப்போது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம், தண்ணீரே நெளிவது போல ஓர் அசைவு. டோமோப்டெரிஸ் கண்ணாடி மாதிரி இருக்கும். இரு பக்கமும் துடுப்புக் கால்கள் அலை அலையாக அடிக்க, தலையிலிருந்து இரண்டு நீண்ட மீசைகள் பின்னோக்கி உடலை ஒட்டிப் போகும். இருட்டில் அதைச் சீண்டினால் பல சிற்றினங்கள் மஞ்சள் ஒளி விடும். கடலில் பெரும்பாலான உயிரொளி நீலம் என்பதால் இந்த மஞ்சள் கவனிக்க வேண்டிய விஷயம். அல்சியோப்பிட் என்றால் உடல் தெரியாது, ஆரஞ்சுச் சிவப்பில் இரண்டு உருண்டைக் கண்கள் மட்டும் நகரும்.

உடனே படம் எடுங்கள். அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். வால் இருக்கிறதா, நிறப் புள்ளிகள் எங்கே, ஒளி என்ன நிறம் என்று பென்சிலால் குறியுங்கள். எத்தனாலில் போட்ட டோமோப்டெரிஸ் மறுநாள் குழைந்த சேமியா போல ஆகிவிடும். அதைப் பார்த்துச் சிற்றினம் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு மயக்கம். லிட்டருக்கு 75 கிராம் மக்னீசியம் குளோரைடு கரைத்த நன்னீரைக் கடல்நீரோடு சமபங்கு கலந்து, அதில் புழுவை விடுங்கள். அசைவு நின்றதும் பதப்படுத்தலாம். மயக்கமில்லாமல் போட்டால் துண்டு துண்டாக உடையும்.

உருவம் பார்க்க ஃபார்மலின். கடையில் கிடைக்கும் அடர்கரைசல் 100 மில்லிக்கு 900 மில்லி கடல்நீர், அமிலமாகாமல் இருக்கக் கொஞ்சம் போராக்ஸ். ஜாடியில் மிதவை கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, மீறினால் அழுகும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். டிஎன்ஏவுக்கு 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால். மறுநாள் ஒருமுறை மாற்றுங்கள். சாயம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட் மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

ஒரே புழுவிலிருந்து இரண்டும் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துப் பக்கக்காலை மட்டும் வெட்டி எத்தனாலில் போட்டு, மீதியை ஃபார்மலினில் வையுங்கள். வாலை வெட்டாதீர்கள். டோமோப்டெரிஸில் வால் இருப்பதும் இல்லாததும் அடையாளத்தில் முக்கியமானது.

சீட்டு ஜாடிக்குள்ளே, பென்சிலில். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். நிலையம், தேதி, நேரம், ஆயங்கள், கடலின் ஆழம், வலை போன ஆழம், வலைக்கண், பதப்படுத்திய திரவம் ஆகிய எட்டும் இருக்க வேண்டும்.

6. பிரித்தெடுத்தல்

நேரம் தின்பது இந்தப் படிதான். ஃபார்மலின் மாதிரியை வடிகட்டி நீரில் நன்றாகக் கழுவிய பிறகே நுண்ணோக்கிக்குக் கொண்டுபோங்கள். கறுப்புப் பின்னணியில் பாருங்கள், கண்ணாடி உடல்கள் அதில்தான் தெரியும்.

அம்புப்புழுக்களைப் பாலிகீட் என்று எடுத்துவிடுவது வழக்கமான தவறு. அவற்றுக்கு வளையங்கள் இல்லை, பக்கத்தில் தட்டைத் துடுப்பும் தலையில் கொக்கிகளும் இருக்கும். ஆனால் தலையில்லாத அம்புப்புழு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், பக்கத்தில் தேடுங்கள். டைப்லோஸ்கோலெசிடே புழுக்கள் அம்புப்புழுவின் தலையைத் தாக்குபவை. சீப்பு ஜெல்லிகளையும் ஒதுக்காதீர்கள். சில அல்சியோப்பிட்களின் இளம் பருவம் அவற்றின் உடலுக்குள் கழிகிறது.

7. குடும்பம், பேரினம், அப்புறம் சிற்றினம்

முதல் கேள்வி: பக்கக்காலில் முள்மயிர் இருக்கிறதா? இல்லை, காலின் நுனி இரண்டாகப் பிரிந்து துடுப்பு விளிம்போடு இருக்கிறது, தலையில் ஒரு ஜோடி நீண்ட மீசை என்றால் டோமோப்டெரிஸ். சிற்றினத்துக்கு வால், கால்களில் உள்ள சுரப்பிகளின் இடம், அவை எந்தக் காலிலிருந்து தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். வால் எளிதில் உடையும். "வால் இல்லாத சிற்றினம்" என்று எழுதும் முன் உடைந்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முள்மயிர் இருக்கிறது, கண்கள் தலையை விடப் பெரிதாகப் பிதுங்கி நிற்கின்றன என்றால் அல்சியோப்பிட். வனாடிஸ், டோரியா, நயாடிஸ், அல்சியோப்பா, ரிங்கோநெரீல்லா முதலிய பேரினங்களைப் பிரிக்க, ஒரு பக்கக்காலை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன் நுனியில் நூல் போன்ற நீட்சிகள் எத்தனை, முள்மயிர் ஒற்றையா மூட்டு உள்ளதா என்று பாருங்கள். உடலின் நடுப்பகுதிக் காலையே எடுங்கள், முன்பக்கக் கால்கள் மாறுபட்டு ஏமாற்றும்.

கண் இல்லை, உடல் கதிர் போல இரு முனையும் கூர்ந்து, இலை போன்ற தகடுகள் பக்கத்தை மூடியிருந்தால் டைப்லோஸ்கோலெசிடே. டைப்லோஸ்கோலெக்ஸ், சாகிடெல்லா, டிராவிசியாப்சிஸ் ஆகியவை அதில் வரும். தடித்த தட்டை உடல், முதல் சில கால்களில் முரட்டு முட்கள் என்றால் லோபடோரிங்கஸ். அதே குடும்பத்தின் பெலகோபியா மிகச் சிறியது, நீண்ட முள்மயிர்களோடு ஏதோ லார்வா போலத் தெரியும். பலர் அதை லார்வாக் கணக்கில் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள். ஐயோஸ்பிலிடேயும் பொன்டோடோராவும் இன்னும் பொடிசு, உயர் உருப்பெருக்கம் இல்லாமல் முயலாதீர்கள்.

அடையாளம் காண உதவும் திறவுகோலுக்கு ஜான் டே 1967-இல் வெளியிட்ட தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பாலிகீட் தொகுப்பே இன்றும் முதல் துணை. ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். ஆனால் அதிலுள்ள பெயர்களை அப்படியே எழுதக் கூடாது. டே தனிக் குடும்பமாக வைத்த அல்சியோப்பிடேயை மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஃபில்லோடோசிடேக்குள் வைக்கிறார்கள். பாலிகீட்டா என்ற தொகுதியே இன்று பழைய பொருளில் நிற்கவில்லை, மண்புழுவும் அட்டையும் அதே மரத்தின் உள்கிளை என்று தெளிவாகிவிட்டது. ஆகவே டே வைத்து அடையாளம் காணுங்கள், வோர்ம்ஸ் எனப்படும் உலகக் கடலுயிர்ப் பதிவேட்டில் இன்றைய பெயரைச் சரிபாருங்கள், பார்த்த தேதியையும் குறியுங்கள். சிற்றினம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துவது கௌரவக் குறைவு இல்லை. தவறான சிற்றினப் பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

8. பரவலை எழுதும்போது

மிதவைப் பாலிகீட்களில் பல சிற்றினங்கள் மூன்று பெருங்கடல்களின் வெப்ப நீரிலும் பதிவாகியிருக்கின்றன. எனவே டர்பனில் எது கிடைத்தாலும் "புதிய பதிவு" என்று ஓடாதீர்கள். அதே சமயம், ஒரே பெயருக்குள், உருவத்தால் பிரித்தறிய முடியாத பல மறை சிற்றினங்கள் இருக்கலாம் என்பதால் டிஎன்ஏ துண்டைப் பாதுகாப்பது வீண்போகாது. நீரின் வெப்பநிலையையும் உப்பையும் எழுதாமல் விடாதீர்கள். நீங்கள் பிடித்தது அகுல்ஹாஸின் வெப்ப நீரிலா கண்டத்திட்டு நீரிலா என்பதை அவைதான் சொல்லும். கேப் டவுன் பக்கத்துக் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்ட மாதிரிகளோடு ஒப்பிடும்போதும் அதேதான், கரையிலிருந்து தூரம் மட்டும் போதாது. டோமோப்டெரிஸ் கார்பென்டெரி தென்துருவக் கடலுக்குரியது. வட பசிபிக்கின் போயோபியஸ் என்ற புழு இங்கே வந்துவிட்டதாகத் தோன்றினால் மறுபடி பாருங்கள்.

வலையில் இல்லை என்பதால் கடலில் இல்லை என்று எழுதாதீர்கள். 2009-இல் விவரிக்கப்பட்ட ஸ்விமா என்ற பச்சை ஒளிக்குண்டு வீசும் புழுக்கள் 1,800 மீட்டருக்குக் கீழே தொலை இயக்கக் கலங்களால்தான் கிடைத்தன.

எண்ணிக்கைக்கு ஓர் உதாரணம். டபிள்யூபி-2 வலையை 200 மீட்டரிலிருந்து நேராக இழுத்தால் வடிகட்டிய நீர் 50 கன மீட்டர். ஆறு புழு கிடைத்தால் 1,000 கன மீட்டருக்கு 120. வலைக்கண் அடைத்தால் இந்தக் கணக்கு பொய்க்கும், அதனால் வாயில் நீரோட்டமானி கட்டுங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் வட அட்சரேகையில் பழகியவர்கள். இங்கே அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி வேண்டும். டர்பன் தெற்கே 29.86, கிழக்கே 31.02. குறியை விட்டால் உங்கள் புழு எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே பாலைவனத்தில் மிதக்கும். தரவை ஓபிஸ், ஜிபிஃப் என்ற உலக உயிரினப் பரவல் தரவுத்தளங்களில் ஏற்றுவதற்கு முன் வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நேரத்தைத் தென்னாப்பிரிக்க நேரத்தில் எழுதினீர்களா என்பதையும் குறியுங்கள். உலக நேரத்தைவிட இது இரண்டு மணி நேரம் முன்னே. பகல் மாதிரி, இரவு மாதிரி என்று பிரிக்கும்போது இந்த இரண்டு மணி நேரம் அந்திப்பொழுது நிலையங்களைக் குழப்பிவிடும்.

9. வைப்பதும் அனுப்புவதும்

அடையாளம் கண்டவற்றில் நல்லவற்றை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். கேப் டவுனிலுள்ள ஐசிகோ தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தில் பாலிகீட் சேகரிப்பு உண்டு. எண் வாங்கியதும் அதைக் கட்டுரையில் போடுங்கள். ஒப்படைக்கும் முன் அவர்களுக்கு எந்தத் திரவம், எந்த ஜாடி வேண்டும் என்று கேளுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

சந்தேகமான புழுவை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதானால் ஏற்றுமதி அனுமதியும் இரு நிறுவனங்களுக்கிடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் முதலில் வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விமானத்தில் எத்தனாலில் பதப்படுத்திய மாதிரிக்கு ஏ180 என்ற சிறப்பு விதி உண்டு: ஒரு குப்பியில் 30 மில்லிக்கு மேல் திரவம் கூடாது, வெளிப்பெட்டி முழுவதிலும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உறிஞ்சும் தாள் சுற்றி, கசியாத இரட்டைப் பையில் அடைக்க வேண்டும். அனுமதிகளின் நகலைப் பெட்டிக்கு வெளியே உறையில் ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் சுங்கத்தில் இருப்பவர் உங்கள் குப்பிகளைக் கலைத்துத்தான் அதை எடுப்பார்.